பெட் ஷாப்புல மீன் செத்து மிதக்குது, யாருகிட்ட புகார் குடுக்கறது?

திருப்பூர்ல இருந்து ஒருத்தங்க கேட்டிருக்காங்க. பொண்ணு பொறந்தநாளுக்கு கோல்டுபிஷ் வாங்கலாம்னு வீட்டுப் பக்கத்துல இருக்கற பெட் ஷாப்புக்குப் போயிருக்காங்க. அங்க ஒரு டேங்க்ல மூணு நாலு மீன் செத்துக் கெடக்குது, மத்த மீனெல்லாம் அதைக் கொத்தித் தின்னுட்டு இருக்குது, ஃபைட்டர் மீன் எல்லாம் டீ கப் சைசு பிளாஸ்டிக் டப்பாவுல அடுக்கி வெச்சிருக்குது. ஏனுங்க இப்படின்னு கேட்டதுக்கு "மீன்னா சாகத்தானுங்க செய்யும்"னு சொல்லீட்டாராம் கடைக்காரர். மீனுக்கெல்லாம் சட்டம் இருக்குதா, யாருகிட்ட புகார் குடுக்கறது, குடுத்தா ஏதாச்சும் நடக்குமான்னு கேட்கறாங்க.

சட்டம் இருக்குதுங்க, புகார் குடுக்க எடமும் இருக்குது. நடக்குமாங்கறது மட்டும் நீங்க என்ன எழுதறீங்க, யாருக்கு எழுதறீங்கங்கறதைப் பொறுத்துத்தான். நான் ஈரோட்டுல ரொம்ப வருஷமா மீன் வளர்க்கறவன், கடை கிடையாது, ஆனா கோயமுத்தூர், கோபி, பொள்ளாச்சின்னு இந்தப் பக்கத்துக் கடைக்காரங்க நெறையப் பேரு பழக்கம், புகார் மனு எழுதறவங்களுக்கு உதவியும் பண்ணீட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல சட்டம். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல பிராணின்னா மனுசனைத் தவிர உயிரோட இருக்கற எல்லாமேன்னு பிரிவு 2-லயே சொல்லியாச்சு, அதனால மீன் அதுக்குள்ள வந்துருதுங்க. மாடு, நாய்க்கு மட்டும்தான் இந்தச் சட்டம்னு யாராவது சொன்னா, அது ஸ்டேஷன்ல இருக்கறவரா இருந்தாலும் சரி, இந்தப் பிரிவைக் காட்டுங்க. பிரிவு 11(1)-ல உங்களுக்கு வேண்டியது மூணு. அசையக்கூட எடமில்லாத கூண்டுலயோ பாத்திரத்துலயோ அடைச்சு வெக்கறது, சட்டத்துல பாத்திரம்னே வருதுங்க, அதனால அந்த டீ கப் டப்பா இதுல அடங்கும். அடுத்தது போதுமான தீனி, இருக்க எடம் குடுக்காம விடறது. மூணாவது 11(1)(கே), பட்டினியிலயோ நெருக்கடியிலயோ வேற கொடுமையிலயோ வலியில தவிக்கற பிராணியை விக்கறதுக்கு வெச்சிருக்கறதே குத்தம்ங்குது அது. கடைக்குப் பொருந்தற பிரிவு இதுதான், நெறையப் பேரு இதை விட்டுட்டு பொதுவா "கொடுமை"ன்னு எழுதீருவாங்க.

அபராதத்தையும் சொல்லீருறேன், பின்னாடி ஏமாந்த மாதிரி ஆகக்கூடாது. மொதல் தடவைக்கு 10 ரூபாயில இருந்து 50 ரூபா வரைக்கும்தான். மூணு வருசத்துக்குள்ள மறுபடி பண்ணுனா 25-ல இருந்து 100 ரூபா, இல்லாட்டி மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். 1960-ல போட்ட உச்சத் தொகை இன்னும் அப்படியே கெடக்குது, வயிறு எரியற விசயம்தான். ஆனா கடைக்காரர் பயப்படறது அந்த அம்பது ரூபாய்க்கு இல்லீங்க. கால்நடைத் துறை டாக்டர் கடைக்கு வந்து நிக்கறதுக்கும், லைசென்ஸ் எங்கன்னு கேட்கறதுக்கும், அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க எட்டிப் பார்க்கறதுக்கும்தான் பயப்படுவாரு. உங்க புகார் அந்த ஆய்வை வர வெக்கணும், அதுதான் குறி.

இன்னொன்னு, 2017 மே மாசம் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்குன்னே தனியா ஒரு விதி கொண்டு வந்துச்சு, கண்ணாடிப் பவுல்ல மீனை வெக்கவே கூடாதுங்கற அளவுக்கு அதுல இருந்துச்சு. மீன் வளர்க்கறவங்க, விக்கறவங்க பக்கம் எதிர்ப்பு வரவும் அதைத் திரும்ப எடுத்துட்டாங்க. நெட்ல தேடுனா இன்னமும் அந்த விதிதான் மொதல்ல வரும், அதை நம்பி மனு எழுதுனீங்கன்னா "இது அமல்ல இல்ல"ன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. அதே மாதிரி 2018 பெட் ஷாப் விதிகள், அதுல பிராணிகள் பட்டியல்ல நாய், பூனை, முயல், வெள்ளெலி, கூண்டுப் பறவைன்னு வருமே தவிர மீன் பேரு இல்ல. ஆனா நம்ம ஊர்ல வெறும் மீன் மட்டும் விக்கற கடை எத்தனைங்க இருக்குது? லவ் பேர்ட்ஸ் கூண்டு ரெண்டு வாசல்ல தொங்கும், உள்ள முயல் இருக்கும். அப்படி இருந்தா அந்தக் கடை மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், சர்டிபிகேட்டைக் கடையில எல்லாருக்கும் தெரியற மாதிரி மாட்டியிருக்கணும். அது மாட்டியிருக்குதான்னு ஒருக்கா பார்த்துட்டு வாங்க. பெரும்பாலும் இருக்காது, உங்க மனுவுல பலமான வரி அதாத்தான் இருக்கும்.

இப்ப, எது நெசமாவே கொடுமை, எது பார்க்க மட்டும் கண்றாவியா இருக்குதுன்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்கணுமுங்க, இதுலதான் நெறையப் புகார் அடிபட்டுப் போகுது.

கடை டேங்க்ல கல்லு, செடி எதுவுமே இல்லாம மொட்டையா இருக்குதுன்னு சில பேரு கோவப்படுவாங்க. அது தப்பே இல்லீங்க, வலை போட்டுப் பிடிக்கறதுக்கும் அடியில சேர்ற கழிவை உறிஞ்சி எடுக்கறதுக்கும் அதுதான் சுலபம், நல்ல கடையிலயும் அப்படித்தான் இருக்கும். தண்ணி நீலமாவோ மஞ்சளாவோ இருந்தா மருந்து போட்டிருக்காங்கன்னு அர்த்தம், மெத்திலீன் ப்ளூ போட்டா தண்ணியே நீலமாயிரும். மருந்து போட்டது நல்லதுதான், அந்த டேங்க்ல இருந்தே மீனைப் பிடிச்சு விக்கறதுதான் தப்பு. சரக்கு வந்த அன்னைக்கு ஒண்ணு ரெண்டு சாகறதையும் அப்படித்தான் பார்க்கணும். நம்ம பக்கத்துக் கடைக்கு எச்சா மீன் சென்னை கொளத்தூர்ல இருந்துதான் வருது, ராத்திரி பூரா ஆக்சிஜன் அடிச்ச கவர்ல, தெர்மாகோல் பெட்டிக்குள்ள. கவருக்குள்ள மீன் விட்ட மூச்சுல தண்ணி புளிச்சுப் போயிருக்கும், அதாவது அமிலத்தன்மை ஏறியிருக்கும், கழிவுல அம்மோனியாவும் ஏறியிருக்கும். புளிப்பு இருக்கற வரைக்கும் அந்த அம்மோனியா அவ்வளவா கடிக்காது. கவரைப் பிரிச்சுக் காத்து பட்டதும் புளிப்பு எறங்கி அம்மோனியாவோட விசம் ஏறும், அதனாலதான் மீனை அந்தத் தண்ணியில சித்த நேரம்கூட எச்சா போட்டு வெக்கக்கூடாது. வந்த நாள்ல சாவு இருக்கறதை வெச்சு மட்டும் கடையை எடை போடாதீங்க. மூணு நாலு நாள் கழிச்சு மறுபடி போய்ப் பாருங்க, அதுக்கு அப்பறமும் செத்தது எடுக்காம அப்படியே கெடந்தா அது கவனிப்பே இல்லாத கடை.

நெசமாவே பார்க்க வேண்டியது என்னன்னா, மீன் மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து மூச்சு வாங்குதா, செவுள் வேகவேகமா அடிக்குதா. அது ஆக்சிஜன் பத்தாம இருக்கலாம், இல்ல அம்மோனியா செவுளை எரிச்சிருக்கலாம். நம்ம ஊரு வெயில்ல, அதுவும் ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரையில, தகரக் கூரைக் கடைன்னா தண்ணி சுட்டுக் கெடக்கும், சூடு ஏற ஏற தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சுட்டே வரும். அந்த நேரத்துல மாசாந்திர ஷட்டவுன்னு காலையில இருந்து பொழுதோட வரைக்கும் கரண்டை நிறுத்தீட்டா ஏர் பம்ப் நின்னு போயிரும், ரெண்டடி டேங்க்ல அம்பது அறுபது மீன் இருந்தா அன்னைக்கே பாதி போயிரும். நல்ல கடைக்காரர் இன்வெர்ட்டர் வெச்சிருப்பாரு, இல்லாட்டி பேட்டரி பம்ப்பாவது வெச்சிருப்பாரு. ஒரு கடை எப்படின்னு தெரிஞ்சுக்க நான் கேட்கற மொதல் கேள்வியே "ஷட்டவுன் அன்னைக்கு என்னங்ணா பண்ணுவீங்க?"தான். பதில் சொல்ற விதத்துலயே தெரிஞ்சு போயிரும்.

உடம்புல உப்புத் தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி, துடுப்பு நுனி அரிச்சுக் கிழிஞ்சிருக்கறது, வயிறு வீங்கி செதில் எல்லாம் வெளிய நிக்கறது, துடுப்பை ஒட்ட மடக்கீட்டு மூலையில கெடக்கறது, இதெல்லாம் நோய். நோய் வராத கடை கிடையாது. ஆனா நோய் வந்த டேங்க்ல போட்ட அதே வலையை அடுத்த டேங்க்லயும் போடறாங்களான்னு பாருங்க. ஒரே வலை எல்லா டேங்க்கும் சுத்துச்சுன்னா ஒரு வாரத்துல கடை பூரா வெள்ளைப் புள்ளிதான்.

ஃபைட்டர் விசயத்துல கடைக்காரங்க சொல்றது பாதி உண்மை. அதுக்கு மேல வந்து நேரடியா காத்தை எடுத்துக்கற உறுப்பு ஒண்ணு தலையில இருக்குது, அதனால கொஞ்சூண்டு தண்ணியிலயும் உடனே சாகாது. ஆண் ஃபைட்டரை ஒண்ணாப் போட்டா சண்டை போட்டே செத்துரும்ங்கறதும் நெசம். ஆனா சாகலைங்கறதுக்காக நல்லா இருக்குதுன்னு ஆயிராதுங்க. அந்த டம்ளர் தண்ணி ஒரே நாள்ல அதோட கழிவாலயே கெட்டுப் போகும், தினமும் மாத்துனாத்தான் ஓரளவுக்காவது தாங்கும். நடுவுல அட்டை இல்லாம பக்கத்துல பக்கத்துல அடுக்கி வெச்சா பகல் பூரா ஒண்ணை ஒண்ணு பார்த்து செவுளை விரிச்சு விரிச்சு ஓஞ்சு போயிரும். பொழுதுக்கும் அப்படி நிக்கற மீனைப் பார்த்தா எனக்கு மனசே ஆறாது. ஒரு ஃபைட்டரை அடையாளம் வெச்சுக்குங்க, நிறத்தை வெச்சு, வாலை வெச்சு. ஒரு வாரம் கழிச்சுப் போறப்பவும் அதே டப்பாவுல அதே கலங்கல் தண்ணியில இருந்தா, போட்டோவோட எழுதுங்க.

சாயம் ஏத்துன மீன் கதை தனி. கண்ணாடி மாதிரி உடம்புக்குள்ள தெரியற கிளாஸ் பிஷ்ஷுக்கு ஊசியில சாயம் ஏத்தி பச்சை, ரோசுன்னு விக்கறது, பேரட் மீனுக்குக் கலர் ஏத்தறது, இதெல்லாம் நம்ம சந்தை வரைக்கும் வந்துருச்சு. அந்தக் கலர் சில மாசத்துல மங்கீரும், ஊசி குத்துன எடத்துல நோய் பத்தும். வாங்காதீங்க, மனுவுலயும் தனியாக் குறிப்பிடுங்க.

அதை விட முக்கியமா ஒண்ணு. பாவமா இருக்குதுன்னு அந்த மீனைக் காசு குடுத்து வாங்கீட்டு வராதீங்க. எழுதறப்பவே எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது, ஆனா வேற வழியில்லீங்க. நீங்க காப்பாத்துன மீன் கடைக்காரர் கணக்குல ஒரு வித்த மீன், அவ்வளவுதான். அந்த எடத்துக்கு அடுத்த வாரம் கொளத்தூர்ல இருந்து இன்னொன்னு வந்துரும், அதே தண்ணிக்குள்ள. நோயை வீட்டு டேங்க்குக்கும் கொண்டாந்து விட்டுருவீங்க.

அப்பறம், புகாருக்கு முன்னாடி ஒருக்கா கடைக்காரர்கிட்டப் பேசுங்க. கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து, மத்தியானம் போல. "அண்ணா, அந்த ரெண்டாவது டேங்க்ல பம்ப் ஓடலைங்க, நாலு மீன் செத்துக் கெடக்குது, எடுத்துட்டுத் தண்ணி மாத்தீருங்க"ன்னு குறிப்பாச் சொல்லுங்க. பல கடையில மொதலாளி இருக்க மாட்டாரு, சம்பளத்துக்கு நிக்கற பையன் ஒருத்தன் இருப்பான், அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. மாநகராட்சித் தண்ணியை அப்படியே குழாயில இருந்து டேங்க்குக்கு விட்டா குளோரின்ல மீன் போயிரும்னு தெரியாம விட்டுட்டு இருப்பான், ஆன்டி குளோரின் பாட்டில் அலமாரியிலயே விக்கறதுக்கு இருக்கும். இப்படிச் சொன்னவொடனே மாத்துன கடைகளும் இருக்குது, அதுக்கு அப்பறம் எதுக்கு மனு? பேசியும் கேட்கலைன்னா, எந்தத் தேதி யாருகிட்டச் சொன்னீங்கன்னு குறிச்சு வெச்சுக்குங்க, அதையும் மனுவுல போடலாம்.

போட்டோ எடுக்கறப்ப கடைக்காரர் வேண்டாம்னா நிறுத்தீருங்க, அவர் எடம் அது, வாய்ச்சண்டைக்குப் போனா உங்க மேலயே புகார் வரும். கடை பேரோட வீடியோ போட்டு திட்டறதையும் நான் சொல்ல மாட்டேன். ரெண்டு நாளைக்குக் கழுவித் தொடைச்சு வெச்சுட்டு பழையபடி ஆயிருவாங்க, ஆய்வுக்கு வர்றவருக்கும் சுத்தமான கடைதான் கண்ணுல படும்.

இனி யாருகிட்டக் குடுக்கறதுன்னு பார்ப்போம். மாவட்டத்துல பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம்னு ஒண்ணு இருக்கணும்னு 2001 விதியே இருக்குது. இந்தச் சங்கம் மாவட்ட நிர்வாகமும் கால்நடைத் துறையும் சேர்ந்தது. அதனால மனுவை மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, நகலைக் கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநருக்கும் மீன்வளத்துறை உதவி இயக்குநருக்கும் போடுங்க. மீன்வளத்துறைக்கு எதுக்குன்னா, நம்ம கால்நடை டாக்டருங்க காங்கேயம் மாட்டுல இருந்து ஆடு, கோழி வரைக்கும் கரைச்சுக் குடிச்சவங்க, ஆனா அலங்கார மீன் பல பேருக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். மீன்வளத்துறை ஆளு ஒருத்தர் கூட வந்தா தண்ணியைப் பார்த்தே சொல்லீருவாரு. ஆழியாறு, பவானிசாகர்னு அவங்களுக்கு நம்ம பக்கமே மீன் பண்ணை இருக்குது, தெரியாத துறை இல்ல. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்க நேர்ல குடுத்து நம்பர் போட்ட ரசீது வாங்கறதுதான் எனக்குத் தெரிஞ்சு பலன் குடுக்கற வழி. போக முடியாட்டி 1100-க்குப் போன் பண்ணி முதல்வரின் முகவரியில பதிவு பண்ணுங்க, அதுலயும் மனு எண் வரும். 1962 கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர், இதுக்கு அதைக் கூப்பிட வேண்டாம். கடை மாநகராட்சி எல்லைக்குள்ள இருந்தா தொழில் உரிமம் இருக்குதான்னு பார்க்கச் சொல்லி ஆணையருக்கும் ஒரு நகல்.

போலீஸ் ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், ஆனா மேல சொன்ன பிரிவெல்லாம் மேஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாம அவங்களே விசாரிக்கற வகையில வராது, அதனால புகார் வந்துச்சுன்னு ஸ்டேஷன்ல குடுக்கற சிஎஸ்ஆர் ரசீதோட நின்னு போறதுக்குத்தான் வாய்ப்பு எச்சு. ரசீது இருந்தாலே ஒரு பிடிமானம்தான், வாங்கி வெச்சுக்குங்க.

நாளைக்குப் பார்க்கலாம்னு மட்டும் தள்ளிப் போட்டுறாதீங்க, ஏன்னா இந்தச் சட்டத்துல குத்தம் நடந்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள வழக்குப் போட்டாகணும், பிரிவு 36. மனு மேசை மேசையா நகர்றதுக்கே ஒரு மாசம் ஓடீரும்.

மனுவுல "மீன்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள்"னு மட்டும் எழுதுனா ஒண்ணும் நடக்காதுங்க. இந்த மாதிரி எழுதுங்க: "இன்ன தேதி மாலை 5 மணிக்கு, இன்ன தெருவில் உள்ள இன்ன கடையில், சுமார் 2 அடி நீளத் தொட்டி ஒன்றில் 60-க்கும் மேற்பட்ட தங்கமீன்கள் இருந்தன. அவற்றில் 4 இறந்து கிடந்தன. காற்றுக் குழாய் இயங்கவில்லை. மற்ற மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் திறந்து மூச்சுக்குத் திணறின. கடைக்காரரிடம் தெரிவித்தேன். 3 நாள் கழித்துச் சென்றபோதும் அதே நிலை. படங்கள் இணைத்துள்ளேன். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960 பிரிவு 11(1)-ன் கீழ் கால்நடை மருத்துவர், மீன்வளத்துறை அலுவலர் ஆகியோரைக் கொண்டு முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்து, எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்." இதுல நீங்க கண்ணால பார்த்தது மட்டும்தான் இருக்குது, யாரையும் திட்டல, இன்னது செய்யுங்கன்னு கேட்டிருக்குது. முன்னறிவிப்பின்றிங்கறதை விட்டுறாதீங்க, சொல்லீட்டு வந்தா கடை பளபளன்னு இருக்கும்.

நீங்க ஏற்கனவே மீன் வாங்கி அது செத்துப் போயிருந்தா பில் இருக்குதா பாருங்க. பில் இருந்தா நுகர்வோர் உதவி எண் 1915 இருக்குது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. ஆனா நாப்பது ரூபா மீனுக்கு அவ்வளவு தூரம் போறதை நான் சொல்ல மாட்டேன், ஆயிரக்கணக்குல பிளவர்ஹார்ன், அரோவானா வாங்கி, நோயை மறைச்சு வித்திருந்தாங்கன்னா போகலாம்.

கடையில நட்சத்திர ஆமை, பச்சைக்கிளி, நம்ம நாட்டு ஆமைக்குஞ்சு எதையாவது பார்த்தீங்கன்னா அது வேற சட்டம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நேரா மாவட்ட வன அலுவலர் ஆபீஸுக்குச் சொல்லுங்க, அவங்க வேகமா வருவாங்க, அந்த ஆய்வுலயே மீன் டேங்க்கும் கண்ணுல படும்.

மனு குடுத்து ஒரு மாசம் ஆகியும் சத்தமே இல்லைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி கால்நடைத் துறைக்கு எழுதுங்க: இந்த மாவட்டத்துல பெட் ஷாப் விதிகள் படி பதிவு பண்ணுன கடைகள் எத்தனை, அதோட பட்டியல், இந்த எண் மனு மேல என்ன நடவடிக்கை. 30 நாளைக்குள்ள பதில் சொல்லியாகணும். பல தடவை அந்தக் கேள்வி ஆபீஸுக்குப் போன பின்னாடிதான் ஆய்வுக்கே கிளம்புவாங்க, அதனால மனு நகலோட ரசீது எண்ணைப் பத்திரமா வெச்சுக்குங்க. மொதல் மனுவை எழுதீட்டு குடுக்கறதுக்கு முன்னாடி இங்கயே போடுங்க, கடை பேரை மட்டும் அடிச்சுட்டுப் போடுங்க, படிச்சுட்டு எங்க திருத்தணும்னு சொல்றேன்.